மூக்குத்தியும் ஆட்டுத்தோல் காப்பும்: டர்பன் பள்ளிக் கவுன்சலர் பணியில் ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் "பிள்ளை வழக்கு" என்று சொன்னால் போதும், எந்தப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். 2007 அக்டோபர் 5 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மூக்குத்தி வழக்கு அது; பிள்ளை என்பது வழக்குப் போட்ட குடும்பத்தின் பெயர். ஒரு தமிழ்க் குடும்பம் பள்ளியையும் மாகாணக் கல்வித் துறையையும் எதிர்த்து நின்று ஜெயித்ததில் நம் ஆட்களுக்குப் பெருமை உண்டு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பள்ளிக் கவுன்சலராக வேலை பார்க்கிற எனக்கு, அந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் வேறொன்றுதான் முதலில் கண்ணில் படுகிறது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

இங்கே இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று நீதிமன்ற ஆவணத்தில் இருப்பது. மற்றது டர்பனுக்கு வடக்கே, ஒரு காலத்தில் இந்தியர்களுக்கு மட்டும் என்று இருந்த ஒரு பள்ளியில், எனக்கு நன்றாகத் தெரிந்த கவுன்சலர் ஒருவர் கையாண்டது. அவர் டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எனக்கு இருக்கும் கேள்வி இதுதான்: அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்கிற இடத்திலிருந்து, அந்தப் பிள்ளையை அழ வைத்த விதியைக் கையில் எடுத்துப் பார்க்கிற இடத்துக்கு ஒரு கவுன்சலர் எப்படி வந்து சேர்கிறார்? அதிலும், அந்தப் பிள்ளை தன் இனத்துப் பிள்ளை இல்லாதபோது?

முதல் நிகழ்வு: மூக்குத்தி

2004 செப்டம்பர் விடுமுறையில் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, அம்மாவின் சம்மதத்தோடு மூக்குக் குத்திக்கொண்டாள். சின்னத் தங்க மூக்குத்தி. அக்டோபர் 4-ஆம் தேதி பள்ளி திறந்ததும் பிரச்சினை ஆரம்பம். பள்ளியின் நடத்தை விதிப்படி காது மடலுக்கு ஒன்றாகச் சின்னத் தோடு போடலாம், கைக்கடிகாரம் கட்டலாம், வேறு நகை கூடாது. மகளைச் சேர்க்கும்போது விதிகளுக்குக் கட்டுப்படுவதாக அம்மா கையெழுத்தும் போட்டிருந்தார்.

விளக்கம் கேட்டார்கள், அம்மா எழுதிக் கொடுத்தார். நாங்கள் தென்னிந்தியக் குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்கள் வழிவழியாகச் செய்து வந்தது இது. வயதுக்கு வந்த பெண்ணைக் குடும்பம் மதிப்பதற்கான அடையாளம். பதினாறு வயதாகும்போது பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியைக் கழற்றி வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பார். ஃபேஷனுக்காகப் போட்டதில்லை. இதுதான் கடிதத்தின் சாரம். தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியோ மனித உரிமையும் இந்து மரபும் தெரிந்த நிபுணர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, விலக்குக் கிடையாது என்று முடிவு செய்தது. 2005 மே மாதம் மாகாணக் கல்வித் துறை அதிகாரியும் பள்ளியின் பக்கமே நின்றார்: கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா, கட்டுப்பட வேண்டியதுதான்.

ஜூலையில் அம்மா, பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனார், இடைக்காலத் தடை கிடைத்தது. செப்டம்பரில் அதே நீதிமன்றம், பாகுபாடு இருப்பதுபோல் தெரிகிறது, ஆனால் அது நியாயமற்றதில்லை என்று சொல்லிவிட்டது. 2006 ஜூலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கல்வித் துறையும் பள்ளியும் அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போயின. தலைமை நீதிபதி பியஸ் லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மாணவியின் பக்கம் வந்தது. விலக்கு மறுத்தது நியாயமற்ற பாகுபாடு. மதம், பண்பாடு சார்ந்த விலக்குகளுக்கு இடம் கொடுத்து, அவற்றைக் கேட்பதற்கான வழிமுறையோடு பள்ளி தன் விதியைத் திருத்த வேண்டும். திருத்தும்போது மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் எல்லோரையும் கலந்து பேச வேண்டும்.

சட்டம் படித்தவர்கள் இதை வேறு விதமாக அலசுவார்கள். கவுன்சலர் கண்ணோடு பார்த்தால் முக்கியமான காலம் நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறது. 2004 அக்டோபர் முதல் 2005 மே வரை, கிட்டத்தட்ட எட்டு மாதம், எந்த நீதிபதியும் இதில் இல்லை. ஒரு மாணவி, ஒரு தாய், ஒரு தலைமை ஆசிரியர், ஒரு நிர்வாகக் குழு, சில கடிதங்கள். அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் கவுன்சலர் இருந்தாரா, இருந்தால் என்ன செய்தார் என்று நான் தோண்டப் போவதில்லை. இப்படி ஒரு எட்டு மாதம் நம் பள்ளியில் வந்தால் கவுன்சலருக்கு எங்கே கதவு திறக்கும் என்று பார்ப்பதற்குத்தான் தீர்ப்பு எனக்குப் பயன்படுகிறது.

முதல் கதவு, கேட்கப்படும் கேள்வி. "இது உங்கள் மதத்தில் கட்டாயமா?" என்றுதான் பள்ளிகள் எப்போதும் கேட்கும். மூக்குத்தி இந்து மதத்திலோ தமிழ்ப் பண்பாட்டிலோ கட்டாயமில்லை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாதுகாப்பு உண்டு என்றது. கட்டாயமில்லாமல், தானாக விரும்பிச் செய்வதும் ஒருவருடைய அடையாளத்தில் ஆழமாக வேரோடியிருக்கலாம். அவளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது லாங்காவின் வாதம். இதை நான் ஒவ்வொரு புதுக் கவுன்சலரிடமும் சொல்கிறேன். கட்டாயமா என்று கேட்டால் பிள்ளை சாஸ்திரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எங்கே தெரியும் சாஸ்திரம்? உனக்கு இது என்ன என்று கேட்டால் அவள் வாயைத் திறப்பாள்.

இரண்டாவது, பிள்ளையின் குரல். மாணவி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவில்லை. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் பெரியவர்களே பேசி முடித்துவிடுகிறார்கள், பிள்ளையிடம் நேரடியாகக் கேட்பது நல்லது என்று தீர்ப்பிலேயே குறை சொல்லப்பட்டிருக்கிறது. பள்ளிக்குள் அந்த வேலைக்கென்று ஒரு ஆள் உண்டென்றால் அது கவுன்சலர்தான்.

மூன்றாவது, விலக்குக் கேட்கும் முறை விதியிலேயே இல்லாதது. இதற்குத்தான் இரண்டாவது நிகழ்வு.

கவுன்சலர் என்பவர் எங்கே இருக்கிறார்

அதற்கு முன் நம் பள்ளிகளில் கவுன்சலர் என்ற நாற்காலி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ படிக்கிறவர்களுக்கு இது புரியாது.

1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளில் தொடங்கி, 1911 வரை சுமார் 1,52,000 பேர் டர்பன் இருக்கும் நட்டாலுக்கு வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளை குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் சாட்ஸ்வர்த்துக்கும், பிறகு பீனிக்ஸுக்கும் தள்ளியது. இந்தியர் பள்ளிகளுக்குத் தனித் துறை, தனிப் பாடத் திட்டம், தனி பட்ஜெட். வெள்ளையர் பள்ளிக்குக் கிடைத்ததைவிடக் குறைவு, ஆப்பிரிக்கர் பள்ளிக்குக் கிடைத்ததைவிட அதிகம். அந்தப் படிநிலையில் வழிகாட்டு ஆசிரியர் என்று ஒருவர் எங்கள் பள்ளிகளுக்குக் கிடைத்தார்; ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளான டவுன்ஷிப்களின் பள்ளிகளில் அவரைத் தேட வேண்டியிருந்தது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு ஆசிரியர் பணியிடங்களைச் சமமாகப் பங்கிட்டபோது பல பள்ளிகளில் அந்தப் பணியிடமே போய்விட்டது. வழிகாட்டுதல் என்ற பாடம் 'லைஃப் ஓரியன்டேஷன்' என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்குள் கரைந்தது. மற்றது பள்ளி உதவிக் குழுவின் தலையில். அந்தக் குழுவில் இருப்பவர்களும் ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு வருகிற ஆசிரியர்கள்தான்.

இன்றைக்கு முழு நேரக் கவுன்சலர் வைத்திருக்கும் அரசுப் பள்ளி என்றால் பெரும்பாலும் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து நிர்வாகக் குழு சம்பளம் கொடுக்கிறது என்று அர்த்தம். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பணமுள்ள பள்ளிக்குக் கவுன்சலர் உண்டு, இல்லாத பள்ளிக்கு இல்லை. சமூக நீதி பேசுகிற கவுன்சலரின் நாற்காலியே இப்படி ஓர் அநீதியின் மேல்தான் போடப்பட்டிருக்கிறது. அப்புறம் இன்னொன்று: நடத்தை விதியை எழுதுவதும் அதே நிர்வாகக் குழுதான். தனக்குச் சம்பளம் தருகிறவர்களின் விதியைக் கேள்வி கேட்க வேண்டிய நிலை. இந்தச் சிக்கலைப் பேசாமல் கவுன்சலரின் தைரியத்தைப் பற்றி மட்டும் பேசும் பயிலரங்குகள் நிறைய நடக்கின்றன. ஹோட்டலில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும், சான்றிதழும் கொடுப்பார்கள்.

இரண்டாவது நிகழ்வு: இசிபாண்ட்லா

பையன் ஒன்பதாம் வகுப்பு. இனாண்டா என்ற ஆப்பிரிக்கர் டவுன்ஷிப்பிலிருந்து, பலர் சேர்ந்து போகும் டாக்சி வேன் பிடித்து வருகிறவன். ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்தபோது வலது மணிக்கட்டில் முடியோடு கூடிய ஆட்டுத்தோல் வளையம். ஜூலு மக்கள் அதை இசிபாண்ட்லா என்பார்கள். பிள்ளையை முன்னோருக்கு அறிமுகப்படுத்தும் இம்பெலெகோ போன்ற சடங்கில் ஆட்டைப் பலி கொடுத்து, அதன் தோலில் ஒரு பட்டையைப் பிள்ளையின் கையில் போடுவார்கள். அது காய்ந்து தானாக விழுந்தால்தான் முறை. அறுத்து எடுக்கக் கூடாது.

புதுத் தோலுக்கு வாசம் உண்டு, மறைப்பதற்கில்லை. கணக்கு ஆசிரியர் முதல் நாளே அவனை வெளியே அனுப்பினார். துணைத் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் உண்டு, அதில் உட்கார வைத்தார்கள். மறுநாளும் அப்படியே. கவுன்சலரிடம் யாரும் அனுப்பவில்லை. போகும்போதும் வரும்போதும் அவனை அதே பெஞ்சில் பார்த்த கவுன்சலர் தானாகப் போய்க் கேட்டார்.

அவர் முதலில் செய்தது எனக்குப் பிடித்தது. நோட்டை எடுத்து, எந்தப் பாடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பெஞ்ச், யார் அனுப்பியது என்று எழுதினார். சட்டப்படி ஒரு மாணவனை இடைநீக்கம் செய்ய வேண்டுமென்றால் நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டும், அவன் பக்கத்தைக் கேட்க வேண்டும், ஏழு பள்ளி நாளுக்கு மேல் போகக் கூடாது. பெஞ்சில் உட்கார வைப்பதற்கு இது எதுவும் வேண்டாம். எந்தப் பதிவேட்டிலும் வராது, வருகைப் பதிவில் பையன் வந்தவன்தான். ஆனால் கணக்குப் பாடம் போச்சு. அந்த ஒரு பக்கக் குறிப்போடு தலைமை ஆசிரியரிடம் போய், முடிவு தெரியும்வரை அவனை வகுப்பில் உட்கார விடுங்கள், ஜன்னல் ஓரமாக இடம் கொடுத்தால் வாசமும் பிரச்சினையில்லை என்றார். அனுமதி கிடைத்தது. பிள்ளை வழக்கில் இடைக்காலத் தடை வாங்க ஜூலை வரை ஆயிற்று. இங்கே ஒரு மத்தியானம்.

ஓர் ஆசிரியை நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார்: கிரேப் பேண்டேஜ் சுற்றி மறைத்துவிடலாமே, கை சுளுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். கவுன்சலர் அதைப் பையனிடம் அப்படியே சொல்லி, உனக்குச் சரியா என்று கேட்டார். அவன் வேண்டாம் என்றான். "அப்பா சாவுக்கு அப்புறம் இதைப் போட்டிருக்காங்க மேம். பொய் சொல்லி மறைக்கற மாதிரி ஒண்ணும் செய்யல." அப்பா டிசம்பரில் இறந்தது பள்ளியில் யாருக்கும் தெரியாது.

பாட்டியை வரச் சொன்னார்கள். இரண்டு டாக்சி மாறி, தேவாலயத்துக்குப் போவது போல் உடுத்திக்கொண்டு வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: பையனை நீக்கப் போகிறீர்களா? கவுன்சலர் "சாவுபோனா, கோகோ" என்று வணக்கம் சொல்லி, அவ்வளவுதான் தனக்கு ஜூலு வரும் என்றும் ஒப்புக்கொண்டார். பேரனையே மொழிபெயர்க்க வைப்பதுதான் வழக்கம், கை சொடுக்கில் முடியும். கவுன்சலர் மறுத்துவிட்டு, ஜூலு ஆசிரியை ஓய்வாக இருக்கும் பாடவேளைக்காகக் காத்திருந்தார். தன் அப்பாவின் சாவைப் பற்றிப் பாட்டி சொல்வதைப் பதினைந்து வயதுப் பையன் பள்ளி அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது என்ன நியாயம்? பாட்டி சொன்னது எளிமையான விஷயம். பையனுக்கு இம்பெலெகோ செய்யாமலே விட்டிருந்தார்கள், பணம் இல்லை. மகன் போன பிறகு அது அவர் மனதை அரித்தது. ஈஸ்டருக்கு உறவினர்கள் சேர்ந்து ஆடு வாங்கினார்கள். தோலை அறுத்தால் செய்த காரியம் பாதியில் நிற்கும்.

காவடிக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிற நம் வீடுகளில், காவடி இறக்குவதற்கு முன் காப்பை அறுத்துக்கொண்டு வா என்று எவனாவது சொன்னால் என்ன நடக்கும்? தைப்பூசம் வருவது பள்ளி ஆண்டு தொடங்கிய கையோடு. ஜனவரி கடைசியில், பிப்ரவரியில் மஞ்சள் கயிறும் திருநீறுமாகப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு வருவது நீண்ட நாள் பழக்கம், யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எப்படி? கவுன்சலர் அந்தக் கேள்வியோடு அலுவலகத்தில் விலக்குக் கோப்பைக் கேட்டு வாங்கினார்.

கோப்பில் இருந்தவை எல்லாம் ஒரே மாதிரி. கோயில் கமிட்டியின் தலைப்புத் தாளில், முத்திரையோடு, இந்த மாணவர் விரதம் இருக்கிறார், காப்பு அணிய அனுமதிக்கவும். நடுவில் சில மசூதிக் கடிதங்கள், தலைமுக்காட்டுக்காக. ஜூலு குடும்பத்திடமிருந்து ஒன்றுகூட இல்லை. மாணவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்கப் பிள்ளைகள்.

அடுத்து விலக்குப் படிவத்தைப் பார்த்தார். ஒரே பக்கம், ஆங்கிலத்தில் மட்டும். மதத்தின் பெயர் எழுத ஒரு கோடு. "மதத் தலைவரின் கடிதம், தலைப்புத் தாளில்" இணைக்க வேண்டும். ஜனவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். மூன்று வரியில் ஒரு சமூகத்தையே வெளியே நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர். மதம் என்ற கோட்டில் கிறிஸ்தவம் என்று எழுதினால் ஆட்டுத்தோலுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். முன்னோர் வழிபாட்டில் தலைப்புத் தாள் வைத்திருக்கும் தலைவர் யாரும் கிடையாது. சடங்கு குடும்பத்துக்கு எப்போது முடிகிறதோ அப்போது, ஜனவரியில் இல்லை. இந்தப் படிவத்தை எழுதியவர்கள் கெட்டவர்களில்லை. காவடியை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

துணைத் தலைமை ஆசிரியரும் தமிழர். வயதில் மூத்தவர், கோயில் கமிட்டியிலும் இருப்பவர். அவரோடு நடந்த பேச்சைக் கவுன்சலர் எனக்குச் சொன்னபடி தருகிறேன்.

"நாம கோயில்ல லெட்டர் வாங்கிட்டு வரலையாம்மா? அவங்களும் வாங்கிட்டு வரட்டும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"யார்கிட்ட சார் வாங்குறது? அவங்க வீட்ல பெரியவங்கதான் பூசாரி. அந்தப் பாட்டி கையெழுத்துப் போட்டா ஏத்துப்பீங்களா?"

"பாட்டி சொல்றதெல்லாம் அத்தாட்சி ஆகுமா?"

"பிள்ளை கேஸ்ல அம்மா எழுதின லெட்டர்தானே சார் இருந்தது?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் படிவத்தை நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகத் தடையும் சொல்லவில்லை. இந்த இடத்தில் பிள்ளை வழக்கின் பலம் வேறு விதமாக வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன். நமக்கு நியாயம் கிடைத்த கதையாக மட்டும் வைத்திருந்தால் அது கோயில் வாசலோடு நின்றுவிடும். தமிழர் ஒருவரிடம் தமிழர் ஒருவர், ஜூலு பிள்ளைக்காக அதை எடுத்து வைக்கும்போதுதான் அது வேலை செய்கிறது.

யாருக்காக, யாரோடு

கவுன்சலர் ஆறுதலோடு நிற்காமல் விதியையும் கேள்வி கேட்க வேண்டும் என்ற சிந்தனை பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அமெரிக்க கவுன்சலிங் சங்கம் 2003-இல் ஏற்றுக்கொண்ட திறன் வரையறையில், ஒரு பிள்ளை, ஒரு பள்ளி அல்லது சமூகம், பொது வெளி என்று மூன்று தளங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அவர்களோடு சேர்ந்து செய்வது, அவர்கள் சார்பில் செய்வது என்று இரண்டு வகை. கீத் எட்வர்ட்ஸ் என்பவர் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து, பிறருக்குத் துணை நிற்பவர்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். தனக்கு வேண்டியவர்கள் என்பதால் துணை நிற்பவர், பாவம் என்று துணை நிற்பவர், இந்த அமைப்பு தன்னையும் சேர்த்துத்தான் கெடுக்கிறது என்று புரிந்து துணை நிற்பவர். யாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, முன்னும் பின்னும் போய்வருவோம். அமெரிக்க வகுப்பறையை அப்படியே டர்பனில் இறக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டாம் வகை, பாவம் பார்க்கிற வகை, நம்மிடம் நிறைய இருக்கிறது. அன்னதானம் போட்டு வளர்ந்த சமூகம் நாம். கொடுப்பது நமக்குப் பழக்கம். நம் கையில் இருக்கும் படிவத்தைக் கொடுக்கச் சொன்னால்தான் தயங்குகிறோம்.

அந்தத் தயக்கம் பெற்றோர் கூட்டத்தில் வெளிப்பட்டது. "நம்ம பிள்ளைங்களுக்குன்னு இருந்ததை எல்லாருக்கும் திறந்து விட்டா நாளைக்கு என்னென்ன மாட்டிக்கிட்டு வருவாங்களோ" என்று ஒருவர் எழுந்து கேட்டார். பிள்ளை வழக்கில் பள்ளித் தரப்பு வைத்த வாதமும் கிட்டத்தட்ட இதேதான்: மூக்குத்தியை விட்டால் சடைமுடி வரும், உடல் துளைகள் வரும், பச்சை குத்திக்கொண்டு வருவார்கள், கோவணம் கட்டிக்கொண்டு வருவார்கள். உண்மையான நம்பிக்கையோடு கூடுதலாகச் சிலர் வெளிப்படையாக வந்தால் அது அஞ்ச வேண்டியதில்லை, கொண்டாட வேண்டியது என்று லாங்கா அதற்குப் பதில் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கோவண வாதத்தில் கேலிப் பொருளானவர்கள் நாமும்தான்.

கூட்டத்தில் பேசப்படாமல் இருந்தது 2021 ஜூலைக் கலவரம். பீனிக்ஸ் பகுதியில் அந்தக் கலவர நாட்களில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். இனாண்டாவிலிருந்தும் குவாமாஷுவிலிருந்தும் பிள்ளைகள் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தினமும் வந்து போகிறார்கள். பாட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் நினைக்கவில்லை. கவுன்சலரும் அதை உணர்ந்திருந்தார். அதனால் அவர் பாட்டியிடம் நன்றியை எதிர்பார்க்கவில்லை, நான் உங்கள் பக்கம் என்றும் சொல்லவில்லை. என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதை மட்டும் சொன்னார். பள்ளிக்குள் முறையீடு, மாவட்டக் கல்வி அலுவலகம், கடைசியில் சமத்துவ நீதிமன்றம். 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களே அந்த வேலையைச் செய்கின்றன, வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். பாட்டி யோசித்துவிட்டு நீதிமன்றம் வேண்டாம், பையன் கணக்குப் படித்தால் போதும் என்றார். சரி என்று அத்தோடு விட்டுவிட்டார் கவுன்சலர். இப்படி விட்டுவிடுவதைச் சிலர் பின்வாங்கல் என்பார்கள். யாருடைய சண்டை அது?

பையனுக்கு வேறு ஓர் ஆபத்தும் வந்தது. செப்டம்பரில் மரபு நாள் விழாவில் அவன் இசிபாண்ட்லாவைக் காட்டி ஜூலு பண்பாட்டைப் பற்றிப் பேசட்டும் என்று ஓர் ஆசிரியர் ஆர்வமாகக் கேட்டார். செப்டம்பர் 24 இங்கே அரசு விடுமுறை, அதை ஒட்டிப் பள்ளிகளில் ஆளாளுக்கு அவரவர் உடையில் வருவது வழக்கம். பையனுக்கு இஷ்டமில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது கவனிக்கப்படாமல் வகுப்பில் உட்காருவது. கவுன்சலர் அந்த அழைப்பைத் தன் மேசையிலேயே நிறுத்திவிட்டார்.

என்ன மாறியது

பையனின் விலக்கு எழுத்தில் வந்தது. அதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. படிவம் மாற அடுத்த பருவம் வரை இழுத்தது. தலைமை ஆசிரியர் இறங்கி வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம், நடத்தை விதி மாணவர்களின் பண்பாட்டு நம்பிக்கைகளையும் மத அனுசரிப்புகளையும் மருத்துவக் காரணங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும், விலக்குக்கான பிரிவு இருக்க வேண்டும் என்கிறது. எப்படியும் விதியைத் திறந்துதான் ஆக வேண்டும் என்ற நேரத்தில், கையில் மாற்று வரைவோடு கவுன்சலர் போய் நின்றார். விதியைத் திருத்தும்போது மாணவர்களையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்து பேச வேண்டும் என்பது பள்ளிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் முன்பே இருக்கிறது. அதனால் மாணவர் பிரதிநிதிக் குழுவிடமும் வரைவு போனது. அவர்கள் சேர்த்த ஒரு வரிதான் எனக்குப் பிடித்தது: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை மாணவரை வகுப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது. பெஞ்சைப் பார்த்தவர்கள் அல்லவா.

புதிய படிவத்தில் மதத்தின் பெயர் கேட்கும் கோடு இல்லை. பெற்றோரோ பாட்டி தாத்தாவோ எழுதிக் கொடுத்தால் போதும், எழுத வராதவர் சொல்ல ஓர் ஆசிரியர் எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருக்கிறது. காலக் கெடு கிடையாது. விளையாட்டு, ஆய்வுக்கூடப் பாதுகாப்பு பற்றி மட்டும் ஒரு பத்தி. கோயில் கடிதம் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதும் கொடுக்கலாம், பலரும் கொடுக்கத்தான் செய்கிறார்கள், முத்திரை இல்லாவிட்டால் நமக்குத் திருப்தி வராது.

எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. கணக்கு ஆசிரியர் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறார். கவுன்சலர் அறைக்கு வந்து போகும் தமிழ்ப் பெற்றோர் சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். துணைத் தலைமை ஆசிரியரோ எதிர்பாராத விதமாக மாறினார். தாமதமாக வந்து தண்டனை வாங்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, யார் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று கவுன்சலர் கேட்டபோது, தானே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். பட்டியலில் திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் ஒரே டாக்சி வழித்தடத்துப் பிள்ளைகள். விதிப் புத்தகத்தையும் தண்டனைப் பதிவேட்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் பழக்கம் இப்போது சுற்று வட்டாரக் கவுன்சலர்கள் சிலரிடம் வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுகிறோம், பெயர்களை மறைத்துவிட்டுப் பேசுகிறோம்.

நவம்பர் பட்ஜெட் கூட்டத்தில் கவுன்சலர் சம்பளத்துக்கான வரி கடைசியாகத்தான் வந்தது. முழு நேரம் வேண்டாம் என்றார்கள் சிலர், கட்டணப் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது என்று கணக்கைக் காட்டினார்கள், அது பொய்க் கணக்கும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைத்து வைத்துக்கொண்டார்கள். மீதி இரண்டு நாள் அவர் கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். அங்கே அவரைச் சேர்த்து மூன்று கவுன்சலர்கள்.